அன்றைக்குச் சொன்னதும் மனசுதான், இன்றைக்கு உறுத்துவதும் மனசுதான்

கேள்வி:

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். வயது 36. ஹெச்.ஆர். என்று பெயர், ஆனால் லீவு கணக்கில் இருந்து சம்பளக் கவர் போடுவது வரை எல்லாம் நான்தான். மூன்று வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் கொடுக்கிற நேரத்தில், மேஜை மேல் அடுக்கியிருந்த கவர்களில் மூன்றைக் காணோம். மொத்தம் 11,700 ரூபாய். அந்த அரை மணி நேரத்தில் ரூமுக்குள் வந்து போனது இரண்டே பேர். ஒருவர் ஒன்பது வருடமாக இருக்கிற அயர்ன் மாஸ்டர், எங்கள் ஊர்க்காரர். இன்னொருவன் பேக்கிங்கில் ஹெல்பராக இருந்த ஒடிசா பையன், வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கேமரா வாசலைப் பார்த்து இருக்கிறது, மேஜை தெரியாது. பையனைக் கூப்பிட்டு, இந்தி தெரிந்த லைன் சூப்பர்வைசரை வைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்தபடியே நின்றான், கை நடுங்கியது, ஒழுங்காகப் பதில் வரவில்லை. இவன்தான் என்று எனக்குள் பட்சி சொல்லிவிட்டது. முதலாளியிடம் சொன்னேன். அன்று ராத்திரியே காண்ட்ராக்டர் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவனுக்கு வரவேண்டிய கூலியில் அந்தப் பணத்தையும் பிடித்துவிட்டோம். கிளம்பும்போது அவனாகவே பையைத் தரையில் கொட்டிக் காட்டினான். இரண்டு லுங்கி, ஒரு சட்டை, சார்ஜர், ஒரு பொட்டலம் பொரி, ஒரு எவர்சில்வர் டம்ளர். நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, எடுத்துக்கொண்டு போ என்றேன்.

இப்போது மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. அயர்ன் மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று உறுத்துகிறது. சில சமயம், அப்படியானால் அவர்தான் எடுத்திருப்பார் என்றும் தோன்றுகிறது. என் கணவர், "நீ ஆளைப் பார்த்தாலே சொல்லிவிடுவாய், உன் மனசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்கிறார். அன்றைக்குச் சொன்னதும் என் மனசுதான், இன்றைக்கு உறுத்துவதும் அதே மனசுதான். இதில் எதை நம்புவது?

– வாசகி, திருப்பூர்

பதில்:

வணக்கம் சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள், அந்தப் பை வந்த இடத்தில் நின்றுவிட்டேன். சரியாகப் பார்க்கக்கூட இல்லை என்கிறீர்கள், ஆனால் மூன்று வாரம் கழித்தும் லுங்கி எத்தனை, பொட்டலத்தில் என்ன, டம்ளர் எவர்சில்வர் என்பது வரை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்கு உதவாது. அந்தப் பையன் எடுத்தானா இல்லையா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் அவனை அனுப்பிய விதம் தவறு. நாளைக்கே அவன்தான் எடுத்தான் என்று தெரியவந்தாலும் அது தவறுதான், ஏனென்றால் முடிவு எடுத்த நேரத்தில் உங்கள் கையில் இருந்தது ஒரு குனிந்த தலையும் நடுங்கிய கையும் மட்டும்தான். ஒருவனுடைய நாலு மாத உழைப்பையும் பேரையும் எடுத்துவிட அது போதாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி அது, நிறைய பேர் கேட்கத் தயங்குகிற கேள்வியும்கூட. மனசு சொல்வதைக் கேட்டு நடப்பவர்தான் நல்லவர் என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள், அதனால் மனசே தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஜோனதன் ஹைட் என்கிற அமெரிக்க உளவியலாளர் 2001-ல் எழுதிய ஒரு கட்டுரை எங்கள் துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால், சரி தப்பு பற்றிய முடிவு பெரும்பாலும் முதலில் வந்துவிடுகிறது, இனிப்பு கசப்பு நாக்கில் தெரிகிற மாதிரி, யோசிக்காமலேயே. காரணங்கள் எல்லாம் அதற்கு அப்புறம் வந்து சேர்கின்றன. நம் அறிவு நீதிபதி மாதிரி இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்பு சொல்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் பல நேரம் அது ஏற்கெனவே கட்சி எடுத்துவிட்ட வக்கீல் மாதிரிதான் வேலை செய்கிறது. அவரும் கூட இருந்தவர்களும் சோதனைக்கு வந்தவர்களிடம், கேட்டால் முகம் சுளிக்க வைக்கிற, ஆனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் நடக்காத சில கதைகளைச் சொல்லி, இது தப்பா என்று கேட்டார்கள். தப்பு என்று உடனே சொன்னார்கள். ஏன் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் கதையிலேயே பதில் இருந்தது. காரணம் எல்லாம் தீர்ந்த பிறகும் பலர் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை, ஏனென்று சொல்லத் தெரியவில்லை ஆனால் தப்புதான் என்றார்கள்.

உங்களிடம் அன்று யாராவது ஏன் இவன் என்று கேட்டிருந்தால், உங்களுக்கும் காரணம் வந்திருக்கும். புதுசாக வந்தவன், யாரிடமும் ஒட்டமாட்டான், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நெருக்கடி இருக்கும். சரி. இதே வக்கீலை அயர்ன் மாஸ்டருக்கு எதிராக நிற்க வைத்தால் என்ன சொல்லுவார்? ஒன்பது வருடமாக இருப்பவர், கவர் எங்கே எப்போது அடுக்குவீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர், தன்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்ற தைரியம் உள்ளவர். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். அவர்மேல் உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டும் என்று இதை எழுதவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரைக் கையில் கொடுத்தாலும் அந்த வக்கீல் கேஸ் கட்டிவிடுவார், அதைக் காட்டத்தான் எழுதினேன். அவர்தான் எடுத்திருப்பார் என்று இப்போது சில சமயம் தோன்றுவதாகச் சொல்கிறீர்களே, அது அன்றைக்குச் செய்த அதே தவறு, ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

குனிந்த தலைக்கு வருவோம். பொய் சொல்கிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று 58 நாடுகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். உலகம் முழுக்க அதிகம் பேர் சொன்ன பதில் ஒன்றுதான், கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள் என்பது. ஆனால் உண்மையிலேயே பொய் சொல்பவர்களையும் உண்மை பேசுபவர்களையும் வைத்துச் சோதித்தால், பார்வையைத் தவிர்ப்பது நம்பத் தகுந்த அடையாளமாக இல்லை. எதிரே இருப்பவர் சொல்வது பொய்யா நிஜமா என்பதை வெறுமனே பார்த்தும் கேட்டும் நூறு தடவையில் எத்தனை தடவை சரியாகச் சொல்கிறார்கள் என்று, இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து 2006-ல் கணக்குப் பார்த்தார்கள். 100-க்கு 54. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

பொதுக் கணக்கை விடுங்கள், அந்த ரூமையே எடுத்துக்கொள்வோம். முன்னால் மேடம், பக்கத்தில் சூப்பர்வைசர், வாசலில் எட்டிப் பார்க்கிற நாலு பேர். கேள்வி இந்தியில் வருகிறது. ஒடிசாவில் வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஒடியா, இந்தி அவனுக்கும் கற்றுக்கொண்ட மொழியாகத்தான் இருக்கும், நம் ஊர் சூப்பர்வைசர் பேசுகிற இந்தியும் கற்றுக்கொண்ட இந்திதான். உங்கள் தமிழ் இரண்டு வாசல் தாண்டி அவனுக்குப் போகிறது, அவன் பதில் அதே இரண்டு வாசல் தாண்டி உங்களுக்கு வருகிறது. இதில் ஒழுங்காகப் பதில் வரவில்லை என்பதை எப்படித் திருட்டுக்கு அடையாளமாக எடுப்பது? 2023 மார்ச் முதல் வாரம் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும், உங்கள் ஊரிலேயே நடந்தது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, எத்தனை பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் நின்றார்கள், பீகாரில் இருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வீடியோ பொய். ஆனால் அந்த வாரம் அவர்களுக்கு வந்த பயம் நிஜம். தன் மொழி தெரியாத ஊரில், தன் பக்கம் பேச ஒரு ஆள் இல்லாமல், திருடினாயா என்று கேட்கப்பட்டு நிற்கிற 22, 23 வயதுப் பையனுக்குக் கை நடுங்காமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

அப்படியானால் உள்ளுணர்வு என்பதே குப்பையா, தூக்கிப் போட்டுவிட வேண்டியதா என்று கேட்பீர்கள். இல்லை. இங்கேதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இருக்கிறது.

உங்கள் கம்பெனியிலேயே செக்கிங் டேபிளில் பத்து வருடமாக நிற்கிற அக்காக்களைப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பீஸை ஒரு உதறு உதறிப் போடும்போதே கை நின்றுவிடும், கண் அதற்கு அப்புறம்தான் போய் ஓட்டையைத் தேடும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றால் "தெரியுமுங்க" என்பார்கள், அதற்கு மேல் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. அந்தத் "தெரியுமுங்க"வை நான் முழுசாக நம்புவேன். ஏனென்றால் அவர் பாஸ் பண்ணிய பீஸில் ஓட்டை இருந்தால் பேக்கிங்கில் மாட்டும், அங்கே தப்பித்தால் பையர் க்யூசி, அதாவது சரக்கு வாங்குகிறவர்கள் அனுப்புகிற தரப் பரிசோதகர், வந்து பிரிக்கிற பெட்டியில் மாட்டும், அவரைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவார்கள். ஆயிரம் தடவை தப்பு செய்து, அது தப்பு என்று அன்றைக்கோ மறுநாளோ தெரிந்து, அப்படித் திருந்திய கை அது.

அமெரிக்காவில் ஒரு தீயணைப்பு அதிகாரியின் அனுபவத்தை கேரி க்ளைன் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். ஒரு வீட்டுச் சமையலறையில் தீ. தண்ணீர் அடிக்கிறார்கள், அடங்கவில்லை. ஏதோ சரியில்லை என்று பட்டது, எல்லோரும் வெளியே ஓடுங்கள் என்று கத்தினார். வெளியே வந்ததும் அவர்கள் நின்ற தரையே இடிந்து உள்ளே விழுந்தது. தீ கீழே நிலவறையில் இருந்திருக்கிறது. தனக்கு ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகவே அவர் நினைத்தார். கிளறிக் கேட்டபோதுதான் தெரிந்தது, இந்த அளவு தீக்கு இவ்வளவு சூடு இருக்கக்கூடாது, இவ்வளவு அமைதியும் இருக்கக்கூடாது என்பதை அவருடைய பல வருட அனுபவம் அவருக்கே தெரியாமல் கணக்குப் போட்டிருக்கிறது. இந்த க்ளைனும், உள்ளுணர்வை அதிகம் நம்பாத உளவியலாளர் டேனியல் கானமனும் எதிரெதிர் கட்சியில் இருந்தவர்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எங்கே உள்ளுணர்வை நம்பலாம் என்பதில் கடைசியில் ஒத்துப்போனார்கள்: அந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், நாம் சொன்னது சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிந்து பழக வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும். எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பதை வைத்து அது சரியா என்று சொல்லிவிட முடியாது.

இப்போது ஆளைப் பார்த்தாலே சொல்லிவிடுகிற உங்கள் திறமைக்கு வாருங்கள். இதுவரை எத்தனை பேரைப் பார்த்து இவன் சரிப்பட மாட்டான் என்று வேலைக்கு எடுக்காமல் விட்டிருப்பீர்கள், எத்தனை பேரை அனுப்பியிருப்பீர்கள்? அவர்களில் யாராவது ஒரு வருடம் கழித்து வந்து, மேடம், நீங்கள் என்னைப் பற்றி நினைத்தது தப்பு, இதோ பாருங்கள் என்று காட்டியிருக்கிறார்களா? காட்டியிருக்க மாட்டார்கள். ஓட்டை விழுந்த பீஸ் திரும்பி வரும், அனுப்பப்பட்ட மனிதன் திரும்பி வருவதில்லை. அவன் போன பிறகு பணம் காணாமல் போகவில்லை என்றால், பார்த்தாயா அவன்தான் என்போம். மறுபடி காணாமல் போனால், இது வேறு யாரோ என்போம். எந்தப் பக்கம் விழுந்தாலும் நாம் சொன்னது சரிதான் என்று ஆகிவிடுகிற ஒரு விஷயத்தில் மனசு எதைக் கற்றுக்கொள்ள முடியும்? பதினைந்து வருடம் ஆட்களைப் பார்த்திருக்கலாம், ஆனால் ஒருமுறைகூடத் திருத்தப்படாத பதினைந்து வருடம் அது. உங்கள் கணவர் அன்பில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் அவரும் உங்கள் தவறான கணிப்புகளை ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்படித் திருத்தப்படாத மனசு எதை வைத்து முடிவு பண்ணும்? ஏற்கெனவே ஊரில் பேசிக்கொள்வதை வைத்துத்தான். வடக்கத்திக்காரர்கள் பற்றி டீக்கடையில், பஸ்ஸில், வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டதெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, சமயம் வரும்போது பட்சி குரலில் பேசுகிறது. இது நமக்குப் புதுசும் இல்லை. 1871-ல் வெள்ளைக்கார அரசாங்கம் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டது, 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சாதிகளில் பிறந்தாலே திருடன் என்று எழுதி வைத்து, கைரேகை எடுத்து, ராத்திரியில் ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில், அதை எதிர்த்து நின்ற ஜனங்கள்மேல் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்துப்போனார்கள். இந்த மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் போனது. அதைப் போட்ட அதிகாரிகளுக்கும் கொஞ்சமும் சந்தேகம் இருந்திருக்காது, பார்த்தாலே தெரிகிறதே என்றுதான் இருந்திருக்கும். நம் பாட்டன் பூட்டன்மேல் அப்படி ஒரு பார்வை விழுந்த மண் இது. அதே பார்வையோடு நாம் இன்னொருவனைப் பார்க்கிறோமா என்று சந்தேகப்படுகிற கடமை நமக்கு மற்றவர்களைவிட அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளியில் வாரம் இரண்டு நாள் ஆலோசகராகப் போய்க்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள், கூடப் படிக்கிற பிள்ளையின் நோட்டைக் கிழித்துவிட்டான் என்று. நான் கேட்கக் கேட்க அவன் சிரித்தான். ஒவ்வொரு கேள்விக்கும் உதடு ஒரு பக்கமாகப் போய்ச் சிரிப்பு வந்தது. எனக்கு உள்ளே ஏதோ சில்லிட்டுப் போனது, இந்தப் பிள்ளைக்கு ஈரமே இல்லை என்று பட்டது, அப்படியே "வருத்தம் காட்டவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்து நாள் வகுப்புக்கு வெளியே உட்கார வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து வேறொரு பிள்ளையின் அம்மா, வீட்டு பீரோவுக்கு அடியில் கிடந்த கிழிந்த தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பயம் வந்தால் சில குழந்தைகளுக்குச் சிரிப்பு வரும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, பாடத்தில் படித்து மார்க் வாங்கியதுதான். அந்த ரூமில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நான் தப்பாக எழுதிவிட்டேன், உன்மேல் தப்பில்லை என்றேன். தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றான். "பரவால்ல மிஸ்" என்றான். அப்போதும் உதடு அதே பக்கம் போனது. அந்த வருடம் முழுக்க அவன் என் ரூம் பக்கம் வரவே இல்லை, வர வேண்டிய காரணங்கள் அவனுக்கு இருந்தும்.

இனி உங்களுடைய இரண்டாவது குரல். அதுவும் மனசுதானே, அதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வியின் நடு. உறுத்தல் எல்லாமே உண்மை பேசுவதில்லை. என்னிடம் வருகிறவர்களில், கேஸை அணைத்தோமா என்பதில் ஆரம்பித்து, ரோட்டில் போகும்போது யாரையாவது இடித்துவிட்டோமா என்பது வரை, செய்யாத தப்புக்காக நாள் முழுக்கத் துடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உறுத்தலுக்குப் பின்னால் போனால் முடிவே கிடையாது, அதற்கு வேறு சிகிச்சை. உங்களுடையது அப்படித் தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் உறுத்தல் மொட்டையாக "நான் கெட்டவள்" என்று சொல்லவில்லை, ஆள் காட்டி, பொருள் காட்டிச் சொல்கிறது. அயர்ன் மாஸ்டரைக் கேட்கவில்லை என்கிறது. பையைப் பார்க்கவில்லை என்கிறது. இரண்டும் நடந்த விஷயங்கள், யாரும் சரிபார்க்கக்கூடியவை. முதல் குரல் வந்ததும் என்ன ஆனது? விசாரணை நின்றது. கவர்களை முதலிலேயே எண்ணி வைத்தீர்களா, ஏதாவது லெட்ஜருக்குள் போனதா, வேறு செக்‌ஷன் கட்டோடு கலந்ததா, எதையும் பார்க்கத் தோன்றவில்லை. அவன் பையைக் கொட்டியபோது உங்கள் கண் அத்தனையையும் பார்த்திருக்கிறது, டம்ளர் வரைக்கும், ஆனால் முடிவு பண்ணிவிட்ட மனசு அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது குரல் வந்ததில் இருந்து நீங்கள் திரும்பத் திரும்ப அந்த ரூமுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு குரல் இனிப் பார்க்காதே என்றது, இன்னொன்று இன்னும் பார் என்கிறது. அதனால்தான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன். அது சொல்வதும் தீர்ப்பு இல்லை, அதையும் மறந்துவிடாதீர்கள். பையன் நிரபராதி என்று அது நிரூபிக்காது, அயர்ன் மாஸ்டர் குற்றவாளி என்றும் நிரூபிக்காது. பாதியில் நிறுத்திய வேலையை முடி என்கிறது, அவ்வளவுதான்.

இந்த உறுத்தலே இல்லாமல் போனால் நல்லதா என்றால், அதையும் பார்த்திருக்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால், உணர்ச்சியோடு சேர்ந்து முடிவெடுக்க உதவுகிற மூளைப்பகுதியில் சேதம் உள்ள 6 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2007-ல் நேச்சர் இதழில் வந்தது. ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைக் கையாலேயே தள்ளிக் கொல்லலாமா என்பது மாதிரியான கேள்விகளுக்கு நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அடிவயிறு கலங்கும். அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் செய்யலாம் என்றார்கள். கணக்கு சரியாக வருகிறது, கை மட்டும் கூசவில்லை. உங்களுக்குக் கை கூசுகிறது. அது மரத்துப் போகும்வரை காத்திருக்காதீர்கள், மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

செய்ய வேண்டியது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். முதலாளியிடம் தனியாகப் போய், நான் சொன்னதை நம்பி முடிவெடுத்தீர்கள், நான் சரியாக விசாரிக்கவில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கோபப்படுவார், படட்டும். பிடித்த கூலியை முழுசாகத் திருப்பிக் கொடுக்கக் கேளுங்கள், விளக்கம் சொல்ல முறையான வாய்ப்புத் தராமல் கூலியில் கை வைப்பது சட்டப்படியும் சரியில்லை, அந்தக் காரணம் அவருக்குச் சீக்கிரம் புரியும். காண்ட்ராக்டரிடம், அவன்மேல் குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்த கம்பெனிக்கு அவன் எந்தப் பேரோடு போகிறான் என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. மறுபடி விசாரிப்பதாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மரியாதை, முதலாளி பக்கத்து ஆள் அல்லாத ஒருவர் கூட இருக்கட்டும். கேள்வி கேட்பதற்கு முன்னால், இவருக்குப் பதில் அவர் தலை குனிந்து நின்றிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அயர்ன் மாஸ்டர் குனிந்து நின்றிருந்தால், ஒன்பது வருட மனுஷனை இப்படிக் கேட்டுவிட்டோமே, பாவம் என்று நினைத்திருப்பீர்கள் இல்லையா? அதற்கு நீங்கள் மனசுக்குள் சொல்கிற பதில் போதும், எனக்கு எழுத வேண்டாம்.

அவனிடம் பேசும்போது மன்னிப்புக் கேளுங்கள், ஆனால் பரவாயில்லை என்று அவன் வாயில் இருந்து வாங்கப் பார்க்காதீர்கள். அவன் கோபமாகப் பேசினாலும், பேசாமலே போனை வைத்தாலும், அது அவன் உரிமை. கூலி அதற்காகக் காத்திருக்கக் கூடாது, முதலில் பணம் போய்ச் சேரட்டும்.

ஒன்று, அன்று மொழிபெயர்த்த சூப்பர்வைசரை வைத்து இதைப் பேச வேண்டாம். அந்தக் குரல் கேட்டாலே அவனுக்கு அந்த ரூம்தான் ஞாபகம் வரும். தையலிலோ கட்டிங்கிலோ ஒடியா பேசுகிற ஒருவர் உங்கள் கம்பெனியிலேயே நிச்சயம் இருப்பார், அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி உதவி கேளுங்கள். அப்படியே பையனுடைய பெயரை எப்படிச் சரியாக உச்சரிப்பது என்றும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் அவன் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை.